கருப்பையை அகற்றாமல் இறக்கத்தைச் சரிசெய்யும் அறுவை: வலையா, நாடாவா, வெறும் தையலா?

மழைத்துளி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. இரு குழந்தைகளும் சுகப்பிரசவத்தில் பிறந்தவர்கள். இனிக் குழந்தை பெறும் எண்ணமில்லை. மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. கர்ப்பப்பை இறக்கம் மூன்றாம் நிலையை எட்டிவிட்டதாகவும், முக்கும்போது கருப்பை வாய் 2 செ.மீ. வரை வெளியே வருவதாகவும் பரிசோதனையில் சொன்னார்கள். காலையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. மாலையாகும்போது கீழே எதுவோ தொங்குவது போன்ற கனமும், உட்காரும்போது உறுத்தலும், சிறுநீர் முழுதாகக் கழியவில்லை என்ற உணர்வும் வந்துவிடுகின்றன. இடுப்புத்தளப் பயிற்சிகள் ஓரளவுக்கு மேல் பயன் தரவில்லை. கருப்பையைத் தாங்க யோனிக்குள் வைக்கும் பெஸரி வளையமும் வைத்துப் பார்த்தேன். குனிந்து நிமிர்ந்தால் நழுவிவிடுகிறது.

ஆகவே அறுவை சிகிச்சைதான் என்று முடிவு செய்துவிட்டேன். கருப்பையை எடுத்துவிடலாம் என்பதே எனக்கு முதலில் கிடைத்த ஆலோசனை. ஆனால் கருப்பையில் நோய் எதுவும் இல்லை. தளர்ந்தவை அதைத் தாங்கும் தசைநார்கள். தசைநார்கள் செய்த குற்றத்திற்குக் கருப்பைக்கு ஏன் தண்டனை என்று கேட்கத் தோன்றுகிறது.

கருப்பையை வைத்துக்கொண்டே சரிசெய்ய முடியுமா என்று விசாரித்தபோது மூன்று மருத்துவர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை வலையால் கருப்பை வாயை முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்போடு இணைக்கலாம் என்றார். இன்னொருவர் யோனி வழியாகவே, இடுப்புக்குள் ஆழத்தில் உள்ள சேக்ரோஸ்பைனஸ் தசைநாரில் தையல் போட்டு நிறுத்திவிடலாம், வலை தேவையில்லை என்றார். மூன்றாமவர், பழைய முறைப்படி பாலியஸ்டர் நாடா கொண்டு தூக்கிக் கட்டுவது பற்றிப் பேசினார். இதற்கிடையில், இத்தகைய வலைகள் சில நாடுகளில் தடை செய்யப்பட்டுவிட்டன என்றும் படித்தேன். அதைப் படித்ததிலிருந்து வலை என்ற சொல்லைக் கேட்டாலே அச்சமாக இருக்கிறது.

என் கேள்வி பொருள்களைப் பற்றியது. வலை, நாடா, கரையாத நூல், கரையும் நூல், உடலிலிருந்தே எடுக்கும் திசு ஆகியவற்றில் எது நீண்ட காலம் தாங்கும், எது தொல்லை தரும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


தையலூசி எழுதியது:

அன்புள்ள மழைத்துளி அவர்களுக்கு, நான் மகளிர் நோய் அறுவை மருத்துவர். உங்களைப் பரிசோதிக்காத ஒருவர் சொல்லக்கூடிய அளவுக்குத்தான் என் பதில் அமையும் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் தடையைப் பற்றித் தெளிவுபடுத்திவிடுகிறேன். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ 2008-லும் 2011-லும் எச்சரிக்கைகள் வெளியிட்டு, 2016-இல் இவ்வகை வலைகளை மிகுந்த ஆபத்துள்ள மூன்றாம் வகுப்புக்கு மாற்றி, இறுதியில் 2019 ஏப்ரல் 16 அன்று, அப்போது சந்தையில் எஞ்சியிருந்த இரு நிறுவனங்களையும் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆஸ்திரேலியா 2017 இறுதியிலேயே இவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. இங்கிலாந்து 2018 ஜூலையில் நிறுத்திவைத்தது. எஃப்டிஏ நிறுத்தியது, இறக்கத்திற்காக யோனிச் சுவரைக் கீறி அதன் வழியே உள்ளே வைக்கும் வலையை. வயிற்றின் வழியாகவோ லேப்ராஸ்கோப்பி வழியாகவோ வைக்கும் வலைக்கு அந்த ஆணை பொருந்தாது. இரண்டும் ஒரே பாலிப்ரொப்பிலீன்தான். பொருள் ஒன்றாக இருந்தும், நுழையும் வழியும் அமரும் இடமும் மாறியதால் ஒன்று விலக்கப்பட்டது, மற்றது நீடிக்கிறது. நீங்கள் பொருள்களை ஒப்பிட விரும்புகிறீர்கள். எந்தப் பொருள், எந்த வழியாக, எந்த இடத்தில் என்ற மூன்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டியிருக்கிறது.

யோனி வழி வலையில் என்ன கோளாறு? யோனிச் சுவரின் வெட்டுக்காயத்துக்கு நேர் அடியில், கிருமிகளை முற்றிலும் நீக்க முடியாத ஓரிடத்தில், ஓர் அந்நியப் பொருள் உட்கார்ந்திருக்கிறது. காயம் சரியாக ஆறாவிட்டால் வலை வெளியே தெரியத் தொடங்கும். பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி நிரந்தர வலை வைக்கப்பட்ட பெண்களில் 12 விழுக்காட்டினருக்கு வலை வெளித்தெரிந்தது. 8 விழுக்காட்டினர் அதற்காகவே மீண்டும் அறுவைக்கு உள்ளானார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட லேப்ராஸ்கோப்பி முறையில் யோனி திறக்கப்படுவதே இல்லை. வலை கருப்பை வாயின் கெட்டியான திசுவில் தைக்கப்பட்டு, வயிற்று உட்சவ்வால் மூடப்படுகிறது. கருப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டு அதே வேளையில் யோனி மேல்முனையில் வலையைத் தைக்கும்போது வலை வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் நன்கு அறியப்பட்டதே. கருப்பையைக் காப்பதற்கு உணர்வு சார்ந்த காரணங்களோடு இப்படியொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். யோனி வழியாக வலை வைத்துக் கருப்பையை நிறுத்துவதையும், கருப்பையை எடுத்துவிட்டுத் தசைநாரில் தைப்பதையும் ஒப்பிட்டு, மாதவிடாய் நின்ற 183 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2021-இல் வந்தது. சிகிச்சை தோற்றவர்கள் வலைக் குழுவில் 37 விழுக்காடு, கருப்பை அகற்றிய குழுவில் 54 விழுக்காடு. வலை வெளித்தெரிந்தது 8 விழுக்காட்டினருக்கு. அதாவது வலை முந்தி நின்றது. ஆனால் அதற்குள் அந்த வலை சந்தையிலேயே இல்லை. விலக்கியது தவறு என்று நான் வாதாட வரவில்லை. திரும்ப எடுக்க முடியாத பொருளை உள்ளே வைக்கும்போது, அது பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்பே கேட்டிருக்க வேண்டும், கேட்கப்படவில்லை.

இனி வலையில்லாத முறை. சேக்ரோஸ்பைனஸ் தசைநாரில் கருப்பை வாயைத் தைத்து நிறுத்துவதற்கு நல்ல சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் 208 பெண்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்தத் தையலும், மறு குழுவுக்கு யோனி வழிக் கருப்பை நீக்கமும் செய்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், மேற்பகுதி மீண்டும் இறங்கித் தொல்லை தந்தவர்கள் அல்லது அதற்காக மறு அறுவைக்கு வந்தவர்கள் தையல் குழுவில் 1 விழுக்காடு, நீக்கக் குழுவில் 7.8 விழுக்காடு. கருப்பையை எடுத்தால்தான் நிற்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி தேவையில்லை. குறை என்னவென்றால், இந்தத் தையல் யோனியின் அச்சைப் பின்புறமாக இழுத்துவிடுவதால், முன்சுவர், அதாவது சிறுநீர்ப்பை இருக்கும் பக்கம், பின்னாளில் தளர வாய்ப்புண்டு. தையல் விழும் இடத்துக்கு அருகிலேயே நரம்புகள் செல்வதால் புட்ட வலியும் வருவதுண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

தையல் நூலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கரையாத நூல் யோனித் தோலைத் துளைத்துச் செல்லக் கூடாது. சென்றால் முடிச்சு வெளியே தெரிந்து, அதைச் சுற்றிச் சதை வளர்ந்து, வெள்ளைப்பாடும் இரத்தக்கசிவும் வரும். எனவே தோல் வழியாகச் செல்லும் தையலுக்கு மெதுவாகக் கரையும் நூலையும், கருப்பை வாயின் உட்திசுவில் புதைந்து நிற்கும் தையலுக்குக் கரையாத நூலையும் பயன்படுத்துவோர் உண்டு.

பாலியஸ்டர் நாடா இந்திய மருத்துவர்கள் நிறையச் சிந்தித்து உருவாக்கிய வழி. ஷிரோத்கர், புரந்தரே, கன்னா ஆகியோரின் பெயரால் வழங்கும் இந்த அறுவைகள், இனியும் குழந்தை பெற விரும்பும் இளம் பெண்களுக்காகவே எழுந்தவை. புரந்தரே முறையில் தொடக்கத்தில் வயிற்றுத் தசையுறையிலிருந்து வெட்டிய பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். நாடா பின்னர் வந்தது. ஆனால் கருப்பை வாயை முன்வயிற்றுச் சுவரை நோக்கி இழுக்கும்போது பின்புறக் குழிவு அகன்று, அந்த வழியே குடல் இறங்க இடம் ஏற்படுகிறது. பின்புறமாகத் திரிக எலும்பில் இணைக்கும் ஷிரோத்கர் முறைதான் இயற்கையான அச்சுக்கு நெருக்கமானது. இன்றைய லேப்ராஸ்கோப்பி வலை முறைக்கு அதைத் தாத்தா என்றே சொல்லலாம். 44 வயதில், குழந்தைப்பேறு முடிந்த உங்களுக்கு நாடாவைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பரிசோதனைத் தாளில், இறக்கத்தின் அளவுகளைக் குறிக்கும் பாப்-கியூ என்ற கட்டம் இருக்கும். அதில் சி, டி என்ற இரு புள்ளிகளுக்கும் எதிரே என்ன எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.


நாரிழை எழுதியது:

நான் மருத்துவன் அல்லன். உடலுக்குள் வைக்கும் செயற்கைப் பொருள்களை ஆராயும் துறையில் இருப்பவன். மருத்துவர் இடத்தையும் வழியையும் விளக்கிவிட்டதால் நான் நூலையும் நெசவையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வலைகளை வகைப்படுத்த 1997-இல் அமித் என்ற அறுவை மருத்துவர் முன்வைத்த பகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது. அதன் உயிர்நாடி கண்களின் அளவு. கண் 75 மைக்ரானுக்கு மேல் இருந்தால் இரத்தக் குழாய்களும் கொலாஜன் நார்களும் விழுங்கணுக்களும் ஊடுருவி, வலை உடலோடு இணைந்துவிடும். 10 மைக்ரானுக்கும் குறைவான இடுக்குகள் இருந்தால் சிக்கல்: சுமார் 1 மைக்ரான் அளவுள்ள பாக்டீரியா உள்ளே புகுந்துகொள்ளும், அதைத் தின்ன வேண்டிய விழுங்கணு அளவில் பெரியது என்பதால் வெளியிலேயே நின்றுவிடும். ஒற்றை இழையால் பின்னிய, பெரிய கண்களுள்ள பாலிப்ரொப்பிலீன் வலை முதல் வகையாகவும், பல நுண்ணிழைகளை முறுக்கிய பாலியஸ்டர் நாடா மூன்றாம் வகையாகவும் வைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். நாடாவைத் தொட்டுப் பார்த்தால் மென்மையாக இருக்கும். கைக்கு இதமான அதே மென்மையைத் தரும் நுண்ணிழை இடுக்குகள்தாம் தொற்று ஏற்பட்டால் கிருமிகளுக்குப் புகலிடமாகின்றன.

ஆனால் முதல் வகை என்று உறையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி நிம்மதி அடைந்துவிட முடியாது. கண்ணின் அளவு, வலை மேசைமீது தளர்வாகக் கிடக்கும்போது அளந்தது. உடலுக்குள் அது இழுவிசையில் நிற்கிறது. சாக்கைக் குறுக்காகப் பிடித்து இழுத்தால் அதன் கண்கள் எப்படி ஒடுங்கிக் கோடாகிவிடுமோ, அதுபோலச் சில நெசவுகளில் இழுவிசை விழுந்ததும் கண்கள் மூடிக்கொள்கின்றன. மூடிய கண்ணில் திசு சீராக வளராது. இழைகளைச் சுற்றி அழற்சி கூடி, வடு கெட்டிப்பட்டு, வலை சுருங்கும். இன்னொரு சிக்கல் விறைப்பு. வலை மிக விறைப்பாக இருந்தால், சுமை முழுவதையும் அதுவே ஏற்றுக்கொண்டு, அருகிலுள்ள இயற்கைத் திசுவை வேலையற்றதாக்குகிறது. வேலையற்ற திசு மெலிகிறது. மெலிந்த யோனிச் சுவர் எளிதில் அரிக்கப்படுகிறது. எடை குறைந்த, கண் பெரிய வலைகளை நோக்கித் துறை நகர்ந்ததற்கு இவையே காரணங்கள். மருத்துவரிடம் கேட்பதானால், வலையின் எடை சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்றும், எந்த அளவு இழுத்துத் தைப்பார் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது; வலை தளர்வாக, இழுவிசையின்றித் தாங்க வேண்டும்.

பிவிடிஎஃப் என்ற வேறொரு பிளாஸ்டிக்காலான வலைகளும் இருக்கின்றன. பாலிப்ரொப்பிலீன் உடலுக்குள் ஆக்சிஜனேற்றத்தால் மெல்லச் சிதையக்கூடியது. பிவிடிஎஃப் அதைவிட வேதிவகையில் நிலையானது. கருப்பையை முன்புறமாக, இடுப்பெலும்பின் முன்பகுதியை ஒட்டியுள்ள பெக்டினியல் தசைநாரில் இணைக்கும் முறையில் இதைப் பயன்படுத்துகிறார்கள். கோட்பாட்டளவில் எனக்குப் பிடித்த பொருள். ஆனால் பாலிப்ரொப்பிலீனுக்கு இருக்கும் நீண்ட காலப் பதிவு இதற்கு இல்லை.

உயிரித் திசுக்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இறந்தவர்களிடமிருந்து பெற்றுப் பதப்படுத்திய தொடைத் தசையுறையையும் பாலிப்ரொப்பிலீன் வலையையும், கருப்பை ஏற்கெனவே நீக்கப்பட்ட பெண்களின் யோனி மேல்முனையைத் தாங்குவதற்குப் பயன்படுத்தி ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் வலைக் குழுவில் 91 விழுக்காட்டினருக்கும் தசையுறைக் குழுவில் 68 விழுக்காட்டினருக்கும் உடற்கூறு நிலை சரியாக இருந்தது. ஐந்தாம் ஆண்டில் அது 93, 62 என்று நின்றது. பதப்படுத்திய திசுவை உடல் மெல்லக் கரைத்துவிடுகிறது. அது கரையும் வேகத்துக்கு ஈடாகப் புதிய திசு வலுப்பெறுவதில்லை. பன்றித் தோலிலிருந்து செய்யப்படும் பொருள்களிடமும் இதே கதைதான். நோயாளியின் தொடையிலிருந்தே எடுக்கும் தசையுறை உயிருள்ளது, அந்நியப் பொருளும் அன்று; ஆனால் அதற்குத் தொடையில் தனிக் காயமும் தனி வலியும் வேண்டியிருக்கும். வலையை எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன் என்பவர்களுக்கு அது ஒரு வழி.

நூல்களைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு போதும். பாலிகிளாக்டின் நூல் ஏறத்தாழ 56 முதல் 70 நாள்களில் முழுதாகக் கரைந்துவிடும். பாலிடையாக்ஸனோன் கரைய ஏறத்தாழ ஆறேழு மாதங்கள் ஆகும். கரையும் நூலால் தைத்த இடத்தைப் பின்னாளில் தாங்கிக்கொண்டிருப்பது வடுத்திசுதான். அது உருவாகும்வரை நூல் தாக்குப்பிடிக்கிறதா என்பதே கணக்கு.


பொன்வண்டு எழுதியது:

வணக்கம் தோழி. எனக்கு யோனி வழியாகச் சேக்ரோஸ்பைனஸ் தையல் போடப்பட்டது. புள்ளிவிவரங்களை மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் எழுதாதவற்றை எழுதுகிறேன்.

வலது புட்டத்தின் ஆழத்தில், உட்காரும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஆணி குத்துவது போன்ற வலி இருந்தது. ஒருக்களித்து உட்கார்ந்தும், மெத்தையின் நடுவை வெட்டி எடுத்தும் சமாளித்தேன். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் நரம்பு போய்விட்டது என்றே நினைத்திருப்பேன். அது மெல்ல மெல்லக் குறைந்து, எப்போது போனது என்றே தெரியாமல் போய்விட்டது. கருப்பை மேலேயே நிற்கிறது. முன்சுவர் சிறிதளவு தளர்ந்திருப்பதாகப் பின்னர் சொன்னார்கள். எனக்குத் தொல்லை எதுவும் தெரியாததால் அதைத் தொடாமல் விட்டிருக்கிறோம்.

வலையை நான் மறுத்ததற்குக் காரணம் பயம் மட்டும் அன்று. தையல் தோற்றால் மீண்டும் இறங்கும். அப்போது வலை உட்பட எல்லா வழிகளும் எனக்குத் திறந்திருக்கும். வலை தோற்றால் அதை எடுக்க வேண்டியிருக்கும், முழுதாக எடுக்கவும் முடியாமல் போகலாம். இந்தக் கணக்கு எனக்குப் பொருந்தியது. உங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை.

மனக்குறை ஒன்று உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் என்ன நூல் என்று எழுதவே இல்லை. தையல் போடப்பட்டது என்று மட்டும் இருந்தது. பிறகு வேறொரு மருத்துவர் அதைக் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். மருத்துவமனையில் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த விவரத்தை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.


மழைத்துளி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டர், நீங்கள் கேட்ட தாளைத் தேடி எடுத்தேன். சி என்ற இடத்தில் +2 என்றும், டி என்ற இடத்தில் –5 என்றும் எழுதியிருக்கிறது. இந்த எண்களைப் பற்றி யாரும் எனக்கு விளக்கவில்லை.

இன்னொரு ஐயம். வலை வைத்துக் கருப்பையை நிறுத்திய பிறகு, ஏதோ ஒரு காரணத்தால் கருப்பையை எடுக்க வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வார்கள்?


தையலூசி எழுதியது:

நீங்கள் கொடுத்த இரண்டு எண்கள் என் பதிலையே மாற்றிவிட்டன. சி என்பது கருப்பை வாயின் நுனி; டி என்பது அதற்குப் பின்னால் உள்ள யோனிக் குழிவின் ஆழம், அதாவது கருப்பை தன் தசைநார்களால் தாங்கப்படும் மட்டம். கன்னித்திரை மட்டத்தைச் சுழியமாகக் கொண்டு, வெளியே வருவதைக் கூட்டல் குறியாலும் உள்ளே இருப்பதைக் கழித்தல் குறியாலும் செ.மீ.-இல் எழுதுகிறோம். உங்கள் இரு புள்ளிகளுக்கும் இடையே 7 செ.மீ. தூரம் இருக்கிறது. இந்த இடைவெளி ஏறத்தாழக் கருப்பை வாயின் நீளம். இயல்பாக அது 3 அல்லது 4 செ.மீ. இருக்கும். உங்கள் கருப்பை பெரிதாக இறங்கவில்லை. கருப்பை வாய் நீண்டு வெளியே வந்திருக்கிறது. அளவைச் சரிபார்க்க வேண்டும் என்பது உண்மைதான், ஸ்கேனிலும் நீளத்தைப் பார்க்கலாம். ஆனால் எண்கள் சரியாக இருந்தால், எந்த வலை என்ற விவாதத்தில் பாதி உங்களுக்குத் தேவையற்றது.

காரணம் எளிது. வலையோ சேக்ரோஸ்பைனஸ் தையலோ மேல்மட்டத்தைத்தான் தூக்கி நிறுத்தும். நீண்ட கருப்பை வாய் அப்படியே இருந்தால், மேலே உறுதியாகக் கட்டிய பிறகும் நுனி யோனி வாயிலில் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் கருப்பையைக் காக்கும் அறுவைகள் தோற்பதற்கான காரணங்களில் இந்த நீட்சியையும் எண்ணுகிறோம். இத்தகைய நிலைக்கு மான்செஸ்டர் அறுவை நன்றாகப் பொருந்தும். 1888-இல் டொனால்ட் தொடங்கி, ஃபாதர்கில் செம்மைப்படுத்திய பழைய முறை அது: கருப்பை வாயின் நீண்ட பகுதியை வெட்டிவிட்டு, பக்கவாட்டுக் கார்டினல் தசைநார்களைச் சுருக்கி, எஞ்சிய கருப்பை வாயின் முன்புறத்தில் இணைத்துத் தைப்பார்கள். கரையும் நூலாலேயே செய்யலாம். ஆறிய பிறகு உடலில் அந்நியப் பொருள் எதுவும் எஞ்சாது.

இது பழையது என்பதால் இரண்டாந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் 434 பெண்களிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாண்டு முடிவில் மான்செஸ்டர் அறுவை 87.3 விழுக்காட்டினரிடமும் சேக்ரோஸ்பைனஸ் தையல் 77.0 விழுக்காட்டினரிடமும் வெற்றி பெற்றது. கருப்பை கன்னித்திரை மட்டத்தைத் தாண்டாதவர்களைத்தான் அந்த ஆய்வில் சேர்த்தார்கள். உங்கள் டி புள்ளி –5-இல் இருப்பதால், நுனி வெளியே வந்தாலும் கருப்பையின் நிலையைப் பொறுத்தவரை நீங்கள் அந்தப் பெண்களுக்கு அருகில்தான் இருக்கிறீர்கள். டி புள்ளி சுழியத்தைத் தாண்டி வந்திருந்தால், அனுபவமுள்ள கைகளில் எடை குறைந்த பாலிப்ரொப்பிலீன் வலையோடு லேப்ராஸ்கோப்பி என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். மான்செஸ்டர் முறைக்கும் குறைகள் உண்டு. இனிக் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அது ஆகாது; உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வெட்டிய இடம் ஆறும்போது கருப்பை வாயின் துளை சுருங்கி, மாதவிடாய் இரத்தம் உள்ளே தேங்கலாம். உங்களுக்கு மாதவிடாய் தொடர்வதால் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் மாதவிடாய் வராமல் அடிவயிற்றில் வலி மட்டும் வந்தால் காத்திருக்காமல் சென்று காட்டுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் வழக்கம்போலத் தொடர வேண்டும்.

கருப்பையைப் பின்னாளில் எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். வலை வைத்த பிறகும் எடுக்க முடியும். வலையைக் கருப்பை வாயோடு விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் அகற்றுவதும், வலையைக் கருப்பை வாயிலிருந்து வெட்டிப் பிரித்துவிட்டு முழுதாக அகற்றுவதும் நடைமுறையில் உண்டு. ஆனால் முதல் அறுவையைவிடக் கடினம். வலையையே முழுதாக எடுக்க நேர்ந்தால் அது இன்னும் கடினம். திரிக எலும்பின் முகட்டருகே வலப்புறம் சிறுநீர்க்குழாயும், இடப்புறம் பெரிய சிரையும், எலும்பின் மேலேயே எளிதில் கசியும் சிரைகளும் இருப்பதால், பெரும்பாலும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை விட்டுவிடுகிறோம். பொன்வண்டு அவர்கள் போட்ட கணக்கில் நியாயம் இருக்கிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

அதனால்தான் எந்த முறையானாலும், கருப்பையைக் காப்பதற்கு முன் அதைக் காக்கலாமா என்று பார்க்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் பரிசோதனை, ஸ்கேனில் கருப்பை உட்சவ்வின் தடிமன், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளதா என்ற விசாரணை ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும். குடும்பத்தில் லிஞ்ச் நோய்த்தொகுதி (கருப்பை, குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மரபுக் கோளாறு) இருப்பவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு வந்தவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிஃபென் மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்கும் நான் பொதுவாகக் கருப்பையைக் காக்கும் அறுவையைப் பரிந்துரைப்பதில்லை. சிறுநீர் முழுதாகக் கழியவில்லை என்றீர்கள். சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு எஞ்சுகிறது என்பதையும் ஸ்கேனில் அளந்துவிடுங்கள்.

பதிவைப் பற்றிப் பொன்வண்டு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வலையின் உறையில் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அறுவைக் குறிப்பில் ஒன்றை ஒட்டிய பிறகு இன்னொன்றை நோயாளியிடம் தருவது நல்ல வழக்கம். தையல் மட்டும் என்றாலும் நூலின் பெயர், எந்தப் பக்கம், எத்தனை தையல் என்ற விவரங்களை வெளியேற்றத் தாளில் எழுதித் தரும்படி அறுவைக்கு முந்தைய சந்திப்பிலேயே கேளுங்கள். அந்தச் சந்திப்புக்குப் போகும்போது +2, –5 என்று எழுதிய தாளையும் எடுத்துச் சென்று, கருப்பை வாயின் நீளத்தை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.